ஈரத்துணி

காலை ஆறு மணிக்கு, ஒபூவோவில்,
அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும்.
குளிர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.
வெயிலில் ஓடி, நின்ற பிறகுதான்
முரண்டு.

ஹோவானிப் மணலாற்றின் கரையில்
மொபானி மரம் நிழல் என்று சொல்லிக்கொண்ட ஏதோ ஒன்றில்
ஆடுகள் கடக்கட்டும் என்று பத்து நிமிடம் அணைத்தேன்.
அவ்வளவுதான்.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது,
செக்குமாடு போல.
எண்ணெய்தான் காணோம்.

பின்னால் குளிர்பெட்டியில்
இருநூற்றுப் பத்துக் குழந்தைகளுக்கான தட்டம்மை ஊசிமருந்து.
மூடிமேல் கைவைத்து உட்கார்ந்திருந்த நர்ஸ் தங்கேனி
எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கவில்லை.
வெப்பமானியைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
கேட்டிருக்கலாம்.

கமான்ஜாபில் கரோசேப் ஏற்கெனவே
க்ளோ பிளக் நான்கையும் மாற்றியாயிற்று,
பேட்டரியும் புதிது.
குளிரில் கிளம்பாத வண்டிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம்
சூட்டில் கிளம்பாத வண்டிக்குச் செய்து
பில்லும் கொடுத்தார்.

அதனால் இந்தமுறை நானே.
தங்கேனியைச் சாவியில் உட்காரவைத்து
புகைக்குழாய் வாயில் உள்ளங்கையைப் பிடித்தேன்.
வெண்புகை இல்லை, கரும்புகை இல்லை,
நாற்றம்கூட இல்லை.
எரியாமல் போகவில்லை;
எரிய ஒன்றும் வரவே இல்லை.

சோலனாய்டு டிக்கென்றது, உயிரோடிருக்கிறது.
கைப்பம்பு கல்லாக நின்றது.
கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி இல்லை.
டேங்கிலிருந்து பம்பு வரை வழி சுத்தம்.
பம்புக்கு அந்தப் பக்கம்
இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தினேன்.
காலையில் இதைச் செய்தால் முகத்தில் துப்பும்.
இப்போது வியர்த்தது,
அவ்வளவே.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பதினேழு வருடத் தூசியும்
தண்ணீர் கலந்த டீசலும்
பம்புக்குள் முடியளவுகூட இல்லாத ஓர் இடைவெளியைத்
தேய்த்து வைத்திருக்கின்றன.
குளிர்ந்த டீசல் கெட்டி, அங்கே தயங்கும்.
சூடேறினால் நீர்த்துப்போய்
அந்த வழியாகவே நழுவி வீடு திரும்பிவிடும்.
இது என் ஊகம்.
ஊகத்தை வைத்துக்கொண்டு புர்ரோஸ் போய்ச்சேர முடியாது.

தண்ணீர் கேட்டேன்.
ஐந்து லிட்டர் இருக்கிறது, குடிக்க, இரண்டு பேருக்கு, என்றார்.
பிறகு பெட்டியை ஒரு விரற்கடை திறந்து, மூடி,
உருகிப்போன ஐஸ்பை ஒன்றை நீட்டினார்:
"இது செத்துவிட்டது. எனக்கு உதவாது. இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது."

சட்டையைக் கழற்றினேன்.
பம்பைச் சுற்றிக் கட்டினேன்.
ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, கொதிக்கும் இரும்பு கோபித்துக்கொள்ளும்.
சொட்டுச் சொட்டாக, துணி குடிக்கிற அளவுக்கு.
முதலில் சீறியது, பின் ஆவி, பின் மௌனம்.
பசிக்கு வயிற்றில் ஈரத்துணி கட்டுவார்களே,
அப்படித்தான்.
வித்தியாசம் என்னவென்றால்
இதற்குக் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு இறங்கும்.

பன்னிரண்டு நிமிடம்.
ஆடுகள் போய்விட்டன, ஒன்று மட்டும் டயரை முகர்ந்தது.
சாவியைத் திருப்பினார் தங்கேனி.
மூன்றாவது சுற்றில்
ஒரு கறுப்பு இருமல், பிறகு ஓட்டம்.
ஆடு துள்ளி ஓடியது.
நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை, சிரித்தோம்.

புர்ரோஸில் அணைக்கவே இல்லை.
கடைசிக் குழந்தை அழுது முடிக்கும்வரை
வண்டி வெளியே உறுமிக்கொண்டே நின்றது.

அடுத்த வாரம் விண்ட்ஹூக், அரசு பணிமனை.
படிவத்தில் பம்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
காலை ஏழு மணிக்கு
ஒரு பையன் வந்து சாவியைத் திருப்பினான்.
அரைச் சுற்று.
"குறை எதுவும் இல்லை" என்று முத்திரை குத்தப் போனான்.

முத்திரையை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி
மேசைமேல் வைத்தேன்.
இன்ஜினை ஓடவிட்டு
முற்றத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
இன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை தம்பி.
வெயில் ஏறட்டும்.